கப்பலை விட்டு இறங்காத கேப்டன்



மலர்க் குழுவினர் இந்த வருஷம் என்னிடம் கட்டுரை கேட்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் நினைவுகளும் மெஸ் சாப்பாட்டுக் கதைகளும் ஏற்கெனவே மலர் நிறைய இருக்கிறதாம். அதனால் மறைந்த பெரிய மனிதர் ஒருவருடைய வாழ்க்கையை எழுத வேண்டும், அது இன்ஜினியர்களுக்கும் உபயோகமாக இருக்க வேண்டும் என்றார்கள். விஸ்வேஸ்வரய்யாவையும் அப்துல் கலாமையும் பற்றி நம்மவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுதப்போகிறவர் இன்ஜினியர் இல்லை. ஒரு போர்க்கப்பலின் கேப்டன். பெயர் மகேந்திரநாத் முல்லா. 1971 டிசம்பர் 9-ம் தேதி இரவு அரபிக்கடலில் தன் கப்பலோடு போனவர். வடக்கே பலருக்கும் தெரிந்த பெயர். நம் பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. அதனாலேயே எழுதத் தோன்றியது.

எனக்கு ஊர் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். பனையும் தேரிக்காடும் ஒரு பக்கம், கொஞ்ச தூரத்தில் கடல் மறு பக்கம். குலசேகரன்பட்டினம், மணப்பாடு, ஆலந்தலை என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். கடலுக்குப் போனவன் கரை திரும்பவில்லை என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு கிடைத்தால் ஒரு துக்கம். கிடைக்கவில்லை என்றால் வருஷக்கணக்கில் வாசலைப் பார்க்கிற துக்கம். அந்த மாதிரி 194 வீடுகளை ஒரே ராத்திரியில் உண்டாக்கிய சம்பவம் இது.

நீதிபதி வீட்டுப் பிள்ளை

முல்லா 1926 மே 15-ம் தேதி உத்தரப்பிரதேசத்தில் கோரக்பூரில் பிறந்தார். காஷ்மீரப் பண்டிதர் குடும்பம். பரம்பரையாகச் சட்டம் படித்தவர்கள். அப்பா தேஜ் நாராயண் முல்லா நீதிபதி. பெரிய உருதுக் கவிஞராகப் பெயர் வாங்கிய ஆனந்த் நாராயண் முல்லாவும் நெருங்கிய உறவினர்தான். அவர் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பின்னால் லக்னோ தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். கோரக்பூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நூற்றுக்கணக்கான மைல் போகணும். அப்படிப்பட்ட ஊரில், கறுப்புக் கோட்டு வீட்டில் பிறந்த பையன் கடற்படைக்குப் போனான் என்பதே ஒரு ஆச்சரியம்தான்.

1946 ஜனவரியில் அவர் பயிற்சி மாணவராகச் சேர்ந்தபோது அது வெள்ளைக்காரன் காலத்து ராயல் இந்தியக் கடற்படை. சேர்ந்த அடுத்த மாசமே, 1946 பிப்ரவரி 18-ம் தேதி, பம்பாயில் தல்வார் பயிற்சித் தளத்தில் மாலுமிகளின் எழுச்சி தொடங்கியது. மோசமான சாப்பாடு, இழிவான பேச்சு, சம்பளத்தில் பாகுபாடு என்று தொடங்கி, பல கப்பல்களுக்கும் பரவி, சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட சம்பவம் அது. அதிகாரிக்கும் மாலுமிக்கும் நடுவே நம்பிக்கை அறுந்தால் ஒரு கடற்படைக்கு என்ன ஆகும் என்பதை, அதிகாரியாக வரப்போகிற அந்தத் தலைமுறை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது.

1948 மே மாதம் முல்லா அதிகாரியாக நியமனம் பெற்றார். அதற்குள் நாடு சுதந்திரம் அடைந்து, இரண்டாகவும் பிரிந்திருந்தது. கப்பல்களையும் ஆட்களையும்கூடப் பங்கு பிரித்தார்கள். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் இரண்டு கொடிகளின் கீழே போனார்கள். பின்னால் நடந்த கதைக்கு இதுவும் ஒரு பின்னணி.

அடுத்த இருபது வருஷம் ஒரு கடற்படை அதிகாரியின் வழக்கமான ஏணிப்படிகள்தான். கண்ணிவாரிக் கப்பலில் மூன்று வருஷம், கிருஷ்ணா கப்பலில் வேலை, 1965 முதல் 1967 வரை லண்டனில் இந்தியத் தூதரகத்தில் துணைக் கடற்படை ஆலோசகர், பிறகு ராணா என்ற நாசகாரிக் கப்பலின் தலைமை, பம்பாயில் ஆங்கரே தளத்தில் கரைப் பணி. இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை ஒரு வரியில் தாண்ட முடியாது.

ராணுவத்தில் தப்பு செய்தவர் மேல் அவர்களுடைய சொந்த நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும். கோர்ட் மார்ஷல் என்போம். அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட இன்னொரு அதிகாரியைக் கேட்டுக்கொள்ளலாம். கடற்படையில் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேடிப்போகிற ஆள் முல்லா. சட்டம் படித்த குடும்பத்து ரத்தம் அங்கே வேலை செய்தது. இத்தனைக்கும் இது பதவி உயர்வு தரக்கூடிய வேலை இல்லை. மேலதிகாரிகளுக்கு எதிரே நின்று, மாட்டிக்கொண்டவனுக்காகப் பேச வேண்டிய வேலை. ஆபீஸ் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதன் விலை புரியும். கடைசி ராத்திரி அவர் செய்ததை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது சினிமாக் காட்சி மாதிரி தெரியும். இந்தப் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால், அவர் அதுவரை எப்படி இருந்தாரோ அப்படியே அன்றைக்கும் இருந்தார் என்பது தெரியும்.

குக்ரி என்ற கப்பல்

1971 பிப்ரவரியில் முல்லா குக்ரி கப்பலின் கேப்டன் ஆனார். அவருடைய மனைவி சுதா. இரண்டு பெண் குழந்தைகள். வயது 44.

நம் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் ஆட்களுக்காகக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கட்டிய பிளாக்வுட் வகைக் கப்பல்கள் மூன்றை இந்தியா வாங்கியது. குக்ரி, கிர்பான், குத்தார். மூன்றுமே கத்தி, வாள், கோடாலியின் பெயர்கள். குக்ரி 1958-ல் பணியில் சேர்ந்தது. எடை சுமார் 1,200 டன், நீளம் ஏறக்குறைய 94 மீட்டர். ஸ்டீம் டர்பைன், ஒரே ஒரு புரொப்பல்லர் தண்டு. நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கென்றே குறைந்த செலவில் வடிவமைத்த கப்பல். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இருந்த நீர்மூழ்கிகளை மனசில் வைத்துப் போட்ட டிசைன்.

எதிரே இருந்தது பாகிஸ்தானின் ஹாங்கோர். பிரான்ஸில் கட்டிய டாஃப்னே வகை நீர்மூழ்கி. 1970 வாக்கில்தான் பணிக்கு வந்தது. அதாவது குக்ரியைவிடப் பன்னிரண்டு வருஷம் இளையது. தொழில்நுட்பத்தில் பன்னிரண்டு வருஷம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். குக்ரியின் முக்கிய ஆயுதமான லிம்போ மார்ட்டர் சுமார் 900 மீட்டர் தூரம் வரைதான் குண்டு வீசும். நீர்மூழ்கியின் டார்பிடோவோ பல கிலோமீட்டர் தாண்டி வரும். குக்ரி அடிக்க வேண்டுமானால் கிட்டே போகணும். ஹாங்கோர் தூரத்தில் இருந்தே அடிக்கலாம்.

சரி, கண்டுபிடிக்கவாவது முடியுமா? அங்கேயும் சிக்கல். கடலுக்கு அடியில் வெளிச்சம் போகாது, ரேடியோ அலை போகாது. நம் பக்கத்தில் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில் அவ்வளவு உயரக் கோபுரங்கள் நிற்பது எதற்கு? மிகக் குறைந்த அதிர்வெண் அலைதான் கொஞ்சமாவது தண்ணீருக்குள் இறங்கி நீர்மூழ்கிக்குச் செய்தி சொல்லும் என்பதற்காக. மற்றபடி கடலுக்குள் கண்ணும் காதும் ஒலிதான். ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு இடம் கண்டுபிடிப்பதுதான் சோனார்.

ஆனால் ஒலி கடலில் நேர்க்கோட்டில் போகாது. நம்ம தேரியில் மத்தியான வெயிலில் நடந்தவர்களுக்குக் கானல் தெரியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக இருப்பதால் வெளிச்சம் வளைந்து, இல்லாத தண்ணீர் இருப்பதாகக் காட்டும். கடலிலும் அதே சமாசாரம்தான். மேலே வெயில்பட்ட வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர். ஒலி குளிர்ந்த பக்கமாகக் கீழே வளைந்துவிடும். அதனால் கப்பலின் சோனார் எட்டாத நிழல் மாதிரி ஒரு இடம் உண்டாகிறது. விவரம் தெரிந்த நீர்மூழ்கி கேப்டன் அந்த நிழலில் நின்றுகொள்வான். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தெரியாது. கீழே இருப்பவனுக்கு மேலே ஓடுகிற கப்பலின் புரொப்பல்லர் சத்தம் வெகுதூரத்திலிருந்து கேட்கும்.

டிசம்பர் 9

1971 டிசம்பர் 3-ம் தேதி மாலை போர் தொடங்கியது. முதல் வாரத்தில் நம் கடற்படைக்கு நல்ல செய்திகள்தான். 4-ம் தேதி இரவு ஏவுகணைப் படகுகள் கராச்சி வரை போய்த் தாக்கித் திரும்பின. 8-ம் தேதி இரவு மறுபடியும் ஒரு தாக்குதல். கிழக்கே விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்ட அத்தனை பேரோடும் மூழ்கிப்போனது. அங்கேயும் வீடுகள் உண்டு, வாசல் பார்த்தவர்கள் உண்டு. அதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதே போரில் டிசம்பர் நடுவில் வங்காள விரிகுடாவில் காக்ஸ் பஜார் கடற்கரையில் நம் படை கப்பலிலிருந்து தரையிறங்கியது. எதிரி ஒரு குண்டுகூடச் சுட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கப்பல் கரைக்கு முன்னால் ஒரு மணல்மேட்டில் தட்டி நின்றது. மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழம் இருந்தது. மூட்டை முடிச்சோடு குதித்த கூர்க்கா வீரர்கள் சிலர் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மூழ்கிப்போனார்கள். மேடு தாண்டினால் பள்ளம் இருக்கும் என்பது நம் கரையில் வல்லம் ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். போரில் செத்தவர்கள் எல்லோரும் குண்டுபட்டுத்தான் செத்தார்கள் என்று இல்லை. கடலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மேற்கே, டையூ கடற்கரைக்கு அப்பால் ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்பது அதன் ரேடியோ செய்தியை நம் நிலையங்கள் பிடித்ததில் தெரிந்துவிட்டது. செய்தி அனுப்பணும் என்றால் நீர்மூழ்கி தன் ஏரியலைத் தண்ணீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். அதில்தான் மாட்டும். அதைத் தேடி அழிக்க பம்பாயிலிருந்து குக்ரியும் கிர்பானும் அனுப்பப்பட்டன. குத்தார் கப்பலின் கொதிகலன் அறையில் விபத்து நடந்திருந்ததால் அது வர முடியவில்லை. மூன்று போக வேண்டிய இடத்தில் இரண்டு போனது. தங்கள் சோனாரைவிட எதிரியின் காது கூர்மையானது என்பது அந்தக் கப்பல்களில் இருந்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. இருந்தாலும் அந்த வேலைக்கு அன்றைக்குக் கையில் இருந்த கப்பல்கள் இவைதான்.

குக்ரியில் இன்னொரு விசேஷமும் இருந்தது. லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்ற இளம் மின்பொறியியல் அதிகாரி, பழைய சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு கருவி செய்திருந்தார். அதை குக்ரியில் பொருத்தி, அவரே உடன் வந்து சோதித்துக்கொண்டிருந்தார். கப்பல் வேகமாகப் போனால் தண்ணீர் இரைச்சலும் இயந்திர இரைச்சலும் எதிரொலியை அமுக்கிவிடும். எனவே மெதுவாகப் போகணும். நீர்மூழ்கி இருக்கிற கடலில் மெதுவாகப் போவது ஆபத்து. வேகமாகப் போனால் சோனார் கேட்காது, மெதுவாகப் போனால் குறி வைக்க வசதி. குக்ரி அன்று மாலை சுமார் 12 நாட் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க வந்த கப்பல், கண்டுபிடிப்பதற்காகவே தன்னைக் கொஞ்சம் திறந்து காட்டிக்கொண்டு போனது. அந்த வேகம் சரியா தப்பா என்று கடற்படைக்காரர்கள் இன்றுவரை வாதம் பண்ணுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்வேன். சோதனை பண்ணிய இன்ஜினியர் கரையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எதிர்பார்க்கவில்லை. கருவிக்குப் பக்கத்திலேயே இருந்தார், கருவியோடேயே போனார்.

ஹாங்கோர் காலையிலிருந்தே இரண்டு கப்பல்களையும் பின்தொடர்ந்து, அவை எந்த வழியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கணக்குப் போட்டு, வரும் பாதையில் போய்க் காத்திருந்தது. இரவில் முதல் டார்பிடோவை கிர்பான் மேல் ஏவியது. அது வெடிக்கவில்லை, கப்பலுக்கு அடியில் போய்விட்டது. அடுத்தது குக்ரிக்கு. நம் நேரப்படி இரவு சுமார் 8.50. மூன்றாவதை மறுபடியும் கிர்பான் மேல் விட்டது. கிர்பான் தப்பிவிட்டது.

கடற்படைக் கப்பலில் ராத்திரி 8 மணிக்கு ஷிஃப்ட் மாறும். டியூட்டி முடிந்தவர்கள் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் போகிற நேரம். டியூட்டிக்கு வந்தவர்கள் இயந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும். அதாவது பெரும்பாலானவர்கள் நீர்மட்டத்துக்குக் கீழேயோ அதன் ஒட்டிலோதான் இருந்தார்கள். வெடித்தவுடன் கரண்ட் போனது. இருட்டு. ஒலிபெருக்கி இல்லை. மேலே வர இரும்பு ஏணியும், ஒருவர் நுழைகிற அளவுக்கு வாசலும். கப்பல் சாய ஆரம்பித்துவிட்டது. இருந்தது சில நிமிடம்தான்.

அந்தச் சில நிமிடங்களில் முல்லா செய்ததைப் பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். அதுவே பின்னால் அவருக்குக் கிடைத்த மகாவீர் சக்ரா விருதின் குறிப்பிலும் பதிவானது. கப்பலை விட்டு வெளியேறும்படி உத்தரவு கொடுத்தார். அதற்கான ஏற்பாட்டைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்தார். மேல்தளத்தில் தயங்கி நின்றவர்களைக் கடலில் குதிக்க வைத்தார். பக்கத்தில் இருந்த இளம் அதிகாரிகளைத் தள்ளியே விட்டார். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். குதிக்க முடிந்தவர்கள் குதித்தபின், இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கக் கட்டளைத் தளத்துக்கே திரும்பிப் போனார். கடலில் மிதந்தபடி திரும்பிப் பார்த்தவர்களுக்குக் கடைசியாகத் தெரிந்தது, கப்பலோடு சேர்ந்து இறங்கிய அவருடைய உருவம்தான்.

18 அதிகாரிகள், 176 மாலுமிகள். ஆக 194 பேர் போனார்கள். 67 பேர் பிழைத்தார்கள். ராத்திரி முழுக்க எண்ணெய் படிந்த கடலில் கிடந்தவர்களை மறுநாள் கச்சால் கப்பல் வந்து தூக்கியது. ஹாங்கோரை நாலு நாள் தேடித் தேடிக் குண்டு போட்டும் பிடிக்க முடியவில்லை, அது கராச்சி போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று அங்கே ஒரு காட்சிசாலையில் நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போரில் மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் குக்ரிதான். அடுத்தது 1982-ல், ஃபாக்லாந்துப் போரில் மூழ்கிய அர்ஜென்டினாவின் பெல்கிரானோ. சுதந்திர இந்தியா போரில் இழந்த போர்க்கப்பல் என்றால் இன்றுவரை குக்ரி ஒன்றுதான்.

எதற்காக இறங்கவில்லை?

இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுவிடுவோம். கப்பலோடு கேப்டனும் சாகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கடைசி ஆளாக இறங்க வேண்டும் என்பதுதான் மரபு. இருபது வருஷத்துக்கு மேல் செலவழித்துத் தயாரித்த ஒரு அதிகாரி, போர் நடக்கும்போது உயிரோடு இருப்பதுதானே நாட்டுக்கு லாபம்? மனைவி, இரண்டு மகள்கள் என்ன ஆவார்கள்? இது வீரமா, வீம்பா? என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவர் சாவதென்று முடிவு பண்ணி உட்காரவில்லை. கடைசி ஆளாக இறங்கணும் என்றால் தனக்கு முன்னால் எல்லோரும் இறங்கியிருக்க வேண்டும். கீழே இருட்டில், சாய்ந்த ஏணியில் ஆட்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் வந்து முடிக்கவே இல்லை. அதனால் அவருடைய முறையும் வரவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். கப்பலின் மேல் உள்ள பாசம் என்றோ, கௌரவம் என்றோ சொல்வதைவிட, வேலை பாக்கி இருந்தது என்று சொல்வதுதான் பொருத்தமாக எனக்குப் படுகிறது.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அந்தக் காலத்தில் குளிப்பவர் கல்லைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். இந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். தன் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவன் கவனம் சிதற மாட்டான் அல்லவா? கயிறு பிடிக்கிறவனுக்குப் பசி, வெயில், பயம் எதுவும் கணக்கில்லை. கீழே ஆள் இருக்கிறவரை கயிற்றை விடக்கூடாது. முல்லா அன்றைக்குப் பிடித்திருந்ததும் அந்த மாதிரி ஒரு கயிறுதான்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். போர்க்கப்பலுக்கு நாம் போகப்போவதில்லை. ஆனால் நம்மில் பாதிப் பேர் பாய்லர், டர்பைன், கெமிக்கல் பிளான்ட், சுரங்கம், கட்டுமானம் என்று ஆட்களை இறக்கி வேலை வாங்குகிற இடங்களில்தான் இருக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடக்கே ஒரு அனல்மின் நிலையத்தில் சோதனை ஓட்டத்தின்போது ஸ்டீம் பைப் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. ஒரே புகைமூட்டம், காது கிழிகிற சத்தம். எல்லோரும் ஓடினோம். எங்கள் ஷிஃப்ட் பொறுப்பாளர் மட்டும் வாசலில் நின்று, வெளியே வந்தவர்களைக் கையில் இருந்த வருகைத் தாளோடு ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். இரண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் குறைந்தார்கள். ஆள் அனுப்பி, அவர்கள் பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட்டார்கள் என்று உறுதியானபிறகுதான் வாசலை விட்டு நகர்ந்தார். அன்று யாருக்கும் பெரிய அடி இல்லை. அந்த மனிதர் அப்புறம் அதைப்பற்றிப் பேசக்கூட இல்லை. ஆனால் கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்கூட அவர் தாளில் இருந்தது என்பது எனக்கு மறக்கவில்லை. பொறுப்பு என்பது ஆபத்து வந்தபிறகு திடீரென்று முளைப்பதில்லை. காலையில் தாளில் பெயர் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. முல்லாவுக்கு அது, மாட்டிக்கொண்ட மாலுமிக்காகக் கோர்ட் மார்ஷலில் எழுந்து நின்ற நாளிலேயே தொடங்கிவிட்டது.

டையூவில்

குஜராத்தில் வேலையாக இருந்தபோது ஒருதரம் விடுமுறையில் டையூ போயிருந்தேன். 1999 டிசம்பரில் திறந்த குக்ரி நினைவிடம் அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் குக்ரியின் சிறிய மாதிரி. இறந்தவர்களின் பெயர்கள். மகாவீர் சக்ரா வாங்கியவர் பெயரும் இருக்கிறது, சமையல் வேலை பார்த்தவர் பெயரும் இருக்கிறது. இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பெயர்கள். அங்கிருந்து பார்த்தால் வெறும் கடல்தான். அதற்கப்பால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கப்பல் அடியில் கிடக்கிறது. சுற்றுலா வந்த கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஓரமாக வயதான அம்மா ஒருவர் பெயர்ப் பலகையின் ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யார் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கடற்படை அந்தப் பெயரை விடவில்லை. மும்பை மசகான் கப்பல் தளத்தில் கட்டிய புது குக்ரி 1989 ஆகஸ்டில் பணியில் சேர்ந்து, 32 வருஷம் ஓடி, 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அதையும் டையூவுக்கே நினைவுச் சின்னமாகக் கொடுத்துவிட்டார்கள். முல்லாவின் படத்தோடு 2000-ல் தபால்தலை வந்தது. மும்பையில் கடற்படைக் குடியிருப்பில் ஒரு அரங்கத்துக்கு அவர் பெயர். ஒரு தனிமனிதருக்கு இதெல்லாம் பெரிய மரியாதைதான். ஆனால் அவர் இருந்திருந்தால், தன் பெயரை மட்டும் தனியாகச் சொல்வதை ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். மற்ற 193 பேரையும் விட்டுவிட்டு வர மனசில்லாமல்தானே அவர் இறங்காமல் இருந்தார்.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்களும் எங்கேயாவது சூப்பர்வைசராகவோ, சைட் இன்ஜினியராகவோ, பிளான்ட் மேனேஜராகவோ போவீர்கள். முதல் நாள் மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு முன்னால், உங்கள் கீழே எத்தனை பேர் இறங்குகிறார்கள், அவர்கள் பெயர் என்ன, அவசரத்துக்கு எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெஷினைப் பற்றி மறுநாள் படித்துக்கொள்ளலாம்.

சீனியர் நண்பர்களே, மேற்குக் கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு போகும்போது டையூவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்ப் பலகையை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். கொஞ்சம் நேரம் ஆகும், பரவாயில்லை.

அடுத்த சந்திப்பில் பார்ப்போம்.